முருகையா தைத்த செம்பருத்தி

முருகையாவிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால் அதற்குள் தாராளமாக இரண்டு பேர் போகலாம். கேட்டால், "மலைக் குளிருலா. உள்ள கம்பளிச் சட்டை போடணும்ல?" என்பார். வெயில் காய்ந்தாலும் மழை பெய்தாலும் இதே பதில்தான். புக்கிட் எம்புன் தேயிலைத் தோட்டத்தில் அவரை விட்டால் வேறு தையல்காரர் இல்லை. பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்த் தைத்து வாங்க வேண்டுமென்றால் ஒரு நாள் வேலையை விட வேண்டும். அதனால் தோட்டமே தொளதொளவென்று நடமாடியது. காற்று அடிக்கும் நாளில் மலைச்சரிவில் நிற்கும் எங்களைக் கீழே ரோட்டிலிருந்து பார்த்தால் கொடியில் காயப்போட்ட துணிகள் கொழுந்து பறிப்பதுபோல் இருக்கும்.

அவர் தாப்பாவில் ஒரு சீனர் கடையில் பள்ளிச் சீருடை தைத்துத் தொழில் பழகியவர். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று கொஞ்சம் பெரிதாகவே தைப்பது அந்தக் கடைப் பழக்கம். அதையே வளர்ந்து முடித்தவர்களுக்கும் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்துப் பவளம் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு 1972இல் மலையேறி வந்தார். சில்லறைக் கடைக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்த பலகை அறையில் மெஷினைப் போட்டார். ஒல்லியான மனிதர். காதில் பென்சில், வாயில் எப்போதும் குண்டூசிகள். குண்டூசிகளுக்கு இடையிலிருந்து அவர் பேசுவது பவளம் அக்காவுக்கு மட்டும்தான் புரியும்.

இன்னொரு குணமும் உண்டு. முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. கோயில் சாமிக்குப் பாவாடை, லோரி சீட்டுக்கு உறை, தொழிற்சாலையின் கிழிந்த சாக்கு, துரை வீட்டு நாய்க்குக் குளிர்ச்சட்டை, எது வந்தாலும் "வச்சுட்டுப் போங்க" என்பார். நாய்ச்சட்டையும் தொளதொளதான்.

நான் சரோஜா. அந்தக் காலத்தில் பவளம் அக்காவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள். முருகையா அண்ணன் பூ தைத்த கதையில் எனக்கும் ஒரு சின்ன வேலை இருந்தது. அதனால் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

1976ஆம் ஆண்டு. ஆகஸ்டு மாதச் சுதந்திர தினத்துக்குப் பிரிஞ்சாங்கில் ஊர்வலம் விடப் போவதாகவும், ஒவ்வொரு தோட்டமும் ஒரு லோரியை அலங்கரித்துக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் பெரிய கிராணி ஆண்டியப்பன் முதலில் தேநீர்க் குவளை செய்யலாம் என்றுதான் நினைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கெண்டி செய்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நேராகப் பலகை அறைக்கு வந்தார்.

"யோவ் முருகையா, ஒரு செம்பருத்தி தச்சுக் குடுய்யா. மலாய்ல புங்கா ராயா. நம்ம தேசியப் பூ."

"வச்சுட்டுப் போங்க ஐயா."

"என்னத்த வைக்கிறது? அளவு கேக்க மாட்டியா?"

முருகையா குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொண்டு, "எவ்ளோ பெருசுங்க ஐயா?" என்றார்.

"லோரி அளவு."

அப்போதும் அவர் முடியாது என்று சொல்லவில்லை. லோரியின் நீள அகலத்தை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கட்டுக் கட்டாகச் சிவப்புத் துணி வந்து இறங்கியது. முருகையா ஐந்து இதழ்கள் வெட்டி, மூங்கில் பிளாச்சில் கட்டி, நடுவில் தலையணை மாதிரி ஒரு மஞ்சள் உருண்டை வைத்தார். சின்னப் பிள்ளைகள் கவுனில் குத்துகிற பூ இருக்குமே, அதுதான் நூறு மடங்கு பெரிதாக. எங்களுக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிராணிக்கும் திருப்தி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சாரதா டீச்சர்தான் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன பூ?" என்று கேட்டார்.

"பூதான் டீச்சர்."

"எந்தப் பூ?"

"செம்பருத்தி."

சாரதா டீச்சர் கோலக்கங்சாரிலிருந்து வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் தப்பு என்று தெரிந்தால் விடவும் மாட்டார். ஆஸ்பத்திரி வேலியில் வரிசையாகச் செம்பருத்தி இருந்தது. போய் ஒன்றைப் பறித்து வந்து வெட்டுமேசையில் வைத்தார். "நீங்க தச்சதுல இதுல இருக்கிற பாதி இல்லண்ணே. பழைய சட்டையப் பிரிச்சுத்தானே அளவு எடுப்பீங்க? இதையும் பிரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முருகையாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தையல் பிரிக்கிற சின்னக் கத்தரியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் நானும் பவளம் அக்காவும் வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தபோது, மெஷின் சும்மா கிடந்தது. மேசை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சிதறிக்கிடக்க, அவர் முகத்தை மேசையோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"பவளம், இங்க வாயேன். இந்தப் பூவுக்கு ரெண்டு காலர்!"

கிட்டப் போய்ப் பார்த்தோம். பூவின் அடியில் பச்சையாக ஒரு கிண்ணம், ஐந்து முனையோடு. அது எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கிண்ணத்துக்கும் கீழே, மெல்லிய பச்சை வார்களாக இன்னொரு வளையம் இருந்தது. காலமெல்லாம் அந்தப் பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்தவர்கள் நாங்கள். அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"இதழப் பாரு. ஒவ்வொண்ணோட ஓரமும் அடுத்ததுக்கு மேல ஏறியிருக்கு. எல்லாம் ஒரே பக்கமா. பாவாடைக்கு மடிப்பு வச்ச மாதிரி." அவர் வேறொரு பூவை எடுத்து, இதழ்களைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்தார். ஐந்தும் ஒன்றாகக் கழன்று வந்தன. நடுவில் நீட்டிக்கொண்டிருந்த குழாயும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. பச்சைக் கிண்ணத்துக்குள் குட்டியாக ஒரு காயும், அதிலிருந்து கிளம்பிய ஒரு நூலும் மட்டும் மிஞ்சி நின்றன.

"பாத்தியா? இதழும் குழாயும் ஒரே தையல். அந்தக் குழாய்க்குள்ள இந்த நூல் ஓடுது. உள்பாவாடைக்கு நாடா கோத்த மாதிரி! குழாய் மேல சுத்தி மஞ்சப்பொடி ஒட்டிக்கிட்டு நிக்குது. நூலோட முனை வெளிய வந்து அஞ்சாப் பிரிஞ்சு, ஒவ்வொரு முனையிலயும் ஒரு சிவப்பு வெல்வெட் பட்டன். எவன் தச்சான் இத?"

பவளம் அக்கா அவரையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உங்களக் கட்டிக்கிட்டதுல இருந்து என் முகத்த இவ்ளோ கிட்ட வச்சுப் பாத்ததில்ல நீங்க."

"உன்னையப் பிரிச்சுப் பாக்க முடியாதுல்ல" என்றார் அவர். பவளம் அக்கா அளவுகோலை எடுத்து அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

மறுநாளிலிருந்து சாரதா டீச்சரும் பள்ளி விட்டதும் வந்து உட்காரத் தொடங்கினார். பச்சைக் கிண்ணத்துக்குப் புல்லிவட்டம் என்று பேர். இதழ்கள் எல்லாம் சேர்ந்தது அல்லிவட்டம். மஞ்சள்பொடியைத் தாங்கி நிற்பவை கேசரங்கள், பொடி மகரந்தம். அடியில் இருக்கும் குட்டிக் காய் சூற்பை, நூல் சூல்தண்டு, வெல்வெட் பட்டன்கள் சூல்முடி. டீச்சர் சொல்லச் சொல்ல முருகையா ஒவ்வொன்றையும் துணித்துண்டில் சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டினார். சூற்பையைக் குறுக்கே பிளேடால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஐந்து அறைகள், அறைக்குள் ரவை மாதிரி வெள்ளைச் சூல்கள். "உள்பாக்கெட்டு வேறயா" என்று அவர் வாயைப் பிளந்தார்.

ஆஸ்பத்திரி வேலி மொட்டையானது. அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வந்து சத்தம் போட்டார். "பூ இல்லாத வேலியப் பாத்துட்டு துரை என்னையக் கேக்குறாரு முருகையா!" முருகையா மிச்சமிருந்த ஒரு பூவையும் அவர் கண் முன்னாலேயே பறித்து, "இது கடைசி சார்" என்றார்.

அந்த நாட்களில்தான் அவர் தையலும் மாறியது. ஒருநாள் அவராகவே சொன்னார்: "டீச்சர், இந்தப் பூவுல ஒரு இடத்துலயும் லூசு இல்ல. எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் துணி." அதற்கப்புறம் அவர் தைத்த சட்டைகள் கச்சிதமாக வந்தன. தோட்டத்தில் பாதிப் பேர் சண்டைக்குப் போனார்கள், உள்ளே கம்பளிச் சட்டை போட முடியவில்லையென்று.

பூ தயாரானதும் ஆள் பிரச்சினை வந்தது. ஒவ்வொரு இதழையும் பிடித்துக்கொண்டு சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் நிற்க வேண்டும். லோரியின் ஓரத்தில் ஐந்து பெண்கள் பச்சைச் சேலையில் புல்லிகளைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது காலருக்கு ஆள் தேவையில்லை, பச்சை வார்களாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும். தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் இதழாகத்தான் நிற்போம் என்றார்கள். பச்சைக்கு ஆளே இல்லை. கங்காணி பெண்சாதி வடிவம்மாள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார். அவர் நல்ல பருமன்.

சாரதா டீச்சர் சமாதானமாகச் சொன்னார்: "அக்கா, புல்லின்னா மட்டமில்ல. பூ மொட்டா இருக்கிறப்ப வெயில், மழை, பூச்சி எதுவும் அண்டாம மூடிக் காப்பாத்துறது அதுதான்."

"சரி, பூ விரிஞ்ச பிறகு?"

"விரிஞ்ச பிறகு... கீழ இருக்கும்."

"அப்ப எனக்கு வேணாம்லா" என்றார் வடிவம்மாள். அதோடு பேச்சு முடிந்தது. அவர் இதழானார். பவளம் அக்காவும் இதழ்தான். எனக்குக் கல்யாணம் ஆகாததால் பெரியவர்களோடு போட்டி போட முடியவில்லை. பச்சைச் சேலையைக் கொடுத்துவிட்டார்கள். அழுகையாக வந்தது. ஆனால் ஊர்வலம் பார்க்கும் ஆசையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சூற்பைக்குத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை. லோரியின் நடுவில் பச்சைத் துணி போர்த்திய பெரிய கூடைக்குள் ஒருவர் உட்கார வேண்டும். அங்கிருந்து கேசரக் குழாய் சாய்வாக எழும்பி டிரைவர் தலைக்கு மேலே நீண்டிருந்தது. குழாய்க்குள் ஒரு நீண்ட மூங்கில். அதன் முனையில் ஐந்து வெல்வெட் பஞ்சுருண்டைகள். பூ விரிந்ததும் உள்ளே இருப்பவர் மூங்கிலைத் தள்ளினால் சூல்முடி வெளியே வரும். ஆண்களைக் கேட்டால், "பொம்பளைப் பகுதிக்குள்ள நாங்க எதுக்கு உக்காரணும்?" என்றார்கள். பெண்களைக் கேட்டால், "சிவப்புச் சேலை கட்டிக் கூடைக்குள்ள உக்காந்தா யாரு பாக்குறது?" என்றார்கள்.

கடைசியில் முருகையாவே உட்காருவது என்று முடிவானது.

பவளம் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், "ரெண்டு பொண்ணு நான் பெத்துக் குடுத்துட்டேன். மூணாவத நீங்க பாத்துக்குங்க" என்றார்.

ஊர்வலத்தன்று விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. முருகையா புதிதாக ஒரு யோசனை செய்திருந்தார். பூவை விரித்தபடியே கொண்டுபோனால் காற்றில் கிழிந்துவிடும். அதனால் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, நிஜ மொட்டு முறுக்கிக்கொண்டிருக்கிற மாதிரியே கயிற்றால் கட்டினார். கயிற்றின் நுனி ஒரு ஓட்டை வழியாக உள்ளே அவர் கைக்குப் போனது. மேடைக்கு முன்னால் போய் நின்றதும் ஓர் இழுப்பு. முடிச்சு அவிழும், பூ விரியும்.

லோரி ஓட்டியவர் கமருஸ்ஸமான். நாங்கள் கமரு பாய் என்போம். தலைக்கு மேலே நீண்டிருந்த மஞ்சள் குழாயைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏம்ப்பா, எதிர்ல வர்ற காய்கறி லோரிக்காரன் இத என்னன்னு நினைப்பான்?" என்றார். சொன்னபடியே கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி வந்த ஒரு லோரி, எங்களைக் கண்டதும் ஓரங்கட்டி நின்று, நாங்கள் போன பிறகும் நகரவில்லை.

நாங்கள் ஐந்து புல்லிகளும் வெளியே ஓரமாக நின்றிருந்தோம். குளிர்ந்த காற்று, நல்ல காட்சி. இதழ்களோ மொட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் உள்ளேயிருந்து குரல்கள் வந்தன.

"யாரு என் கால மிதிக்கிறது?"

"வடிவக்கா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளுங்களேன்."

"எங்கடி தள்ளறது? அந்தாண்ட உன் புருசன் கூடை!"

"என்னைய உதைக்காதீங்க கங்காணியம்மா, மஞ்சப்பொடி கொட்டுது" என்று கூடைக்குள்ளிருந்து முருகையாவின் குரல். அதைத் தொடர்ந்து யாரோ ஒருவர் தும்மினார். மொட்டு முழுவதும் குலுங்கியது.

மகரந்தத்துக்கு அவர் மஞ்சள்தூளையும் அரிசி மாவையும் கலந்து வைத்திருந்தார். டீச்சர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "பொடி இல்லாத கேசரம் எதுக்கு டீச்சர்" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார் முருகையா.

பிரிஞ்சாங் கடைத்தெருவில் கூட்டம். பேண்டு வாத்தியம். எங்களுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக் கெண்டி போனது. அதன் மூக்கிலிருந்து நிஜமாகவே ஆவி வந்தது! உள்ளே அடுப்பு வைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை சுடச்சுடத் தேநீரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேடைக்கு அருகே வெள்ளைச் சட்டையில் நின்றிருந்த எங்கள் கிராணியின் முகம் கறுத்தது.

எங்கள் லோரி மேடைக்கு முன்னால் போய் நின்றது. கமரு பாய் ஹாரன் அடித்தார். அதுதான் அடையாளம்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு முறை அடித்தார். மொட்டு லேசாக ஆடியது. அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டையிலிருந்து முருகையா கிசுகிசுத்தார்.

"சரோஜா, வெளிய என்ன நடக்குது?"

"ஒண்ணுமே நடக்கலண்ணே. அதான் எல்லாரும் பாக்குறாங்க."

"பனியில கயிறு ஊறி முடிச்சு இறுகிருச்சும்மா. இழுக்க இழுக்க இன்னும் இறுகுது. இந்தா." ஓட்டை வழியாகக் கத்தரி வந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரி. யாரையும் தொட விடமாட்டார் அதை. "முடிச்சுல வச்சு ஒரே வெட்டு. துணியில பட்டுராம பாத்துக்கோ."

நான் பச்சைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு லோரியின் ஓரக் கட்டையில் ஏறினேன். கிராணி கீழேயிருந்து, "ஏய், என்னா பண்றே?" என்று கத்தியது காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

பூ விரிந்தது என்று சொல்வது சரியாக இருக்காது. வெடித்தது. அவ்வளவு நேரம் உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் ஐந்து இதழ்களும் படீரென்று ஐந்து பக்கமும் சாய்ந்தன. வடிவம்மாள் தன் இதழைப் பிடித்தபடியே பாதி தூரம் வெளியே தொங்கி, எங்கள் பச்சைத் துணியில் கால் ஊன்றித் தப்பித்தார். அடியில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் ரோட்டில்தான் விழுந்திருப்பார். அதே வேகத்தில் முருகையா மூங்கிலைத் தள்ள, குழாய் மேடைப் பக்கம் சாய்ந்து ஆட, மஞ்சள்தூள் புகைபோல் கிளம்பிக் காற்றோடு போய் மேடையோரம் நின்றிருந்த கிராணியின் மேல் இறங்கியது. வெள்ளைச் சட்டை, மீசை, புருவம் எல்லாம் மஞ்சள். சூல்முடியின் ஐந்து சிவப்பு உருண்டைகளும் மேடை விளிம்பைத் தாண்டி உள்ளே போய், நடுவர்களில் ஒருவருடைய மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டு நின்றன.

அந்த நடுவர் ரொஹானா டீச்சர். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகம்மதுவின் மகள். பினாங்கில் படித்துவிட்டு வந்து இடைநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தார். பயந்து பின்னால் போவார் என்று பார்த்தோம். அவரோ உருண்டைகளை விரலால் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு... அஞ்சு! சரியா அஞ்சு!" என்று எண்ணினார். பிறகு மேடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார். லோரியைச் சுற்றி வந்து இதழ்கள் ஒரே பக்கமாக மடிந்திருப்பதைப் பார்த்தார். எங்கள் காலடியில் குனிந்து பச்சை வார்களைத் தூக்கிப் பார்த்து, "புறப்புல்லியும் இருக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கூடையைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான்தான் டீச்சர், சூற்பை" என்று பதில் வந்தது.

முதல் பரிசு கெண்டிக்குத்தான் கிடைத்தது. குளிரில் சுடச்சுடத் தேநீர் குடித்த மற்ற நடுவர்கள் வேறு எதற்குக் கொடுப்பார்கள்? எங்களுக்கு இரண்டாவது. திரும்பும் வழியெல்லாம் கிராணி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பேசினால் மீசையிலிருந்து மஞ்சள் உதிர்ந்தது. சாரதா டீச்சர்தான் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்குப் பூவ விரிய வச்சது புல்லிதான் சரோஜா" என்றார். எனக்கு அழுகை வந்த நாளை அவர் கவனித்திருந்தார் போல.

கதை இத்தோடு முடிந்திருந்தால் முருகையா அண்ணன் மறுபடியும் சட்டையும் சீட்டு உறையும் தைக்கப் போயிருப்பார். ஆனால் அடுத்த வாரமே ரொஹானா டீச்சர் தோட்டத்துக்கு வந்தார். நிஜப் பூ வகுப்பு முடிவதற்குள் வாடிவிடுகிறது, பிள்ளைகள் கைக்குக் கை மாறுவதற்குள் கசங்கிவிடுகிறது, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு துணிப்பூ தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"வச்சுட்டுப் போங்க" என்றார் முருகையா.

கைக்கு அடக்கமான அந்தச் செம்பருத்தியை நான் பார்த்திருக்கிறேன். புல்லிவட்டம் பிரஸ் பட்டனில் கழன்றது. அல்லிவட்டமும் கேசரக் குழாயும் ஒன்றாக வந்தன, நிஜத்தில் வருகிற மாதிரியே. சூற்பைக்கு ஜிப்பு. திறந்தால் ஐந்து அறை, அறைக்குள் வெள்ளை மணிகள். ரொஹானா டீச்சர் அதைக் கையில் வைத்து ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார், தான் ஆசிரியை என்பதையே மறந்துவிட்டு.

ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குச் செய்தி போனது. ஈப்போவிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். ஆர்டர் வர வர முருகையா புதுப்புதுப் பூக்களைப் பிரித்தார். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்று கண்டபோது ஒரு ஜோடியாகத்தான் விற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். "தனித்தனியா அனுப்பினா பாவம்லா" என்பார். பட்டாணிப்பூதான் அவரை ரொம்பப் படுத்தியது. மேலே கொடி மாதிரி ஒரு பெரிய இதழ், இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு, அடியில் படகு மாதிரி ஒட்டிக்கொண்ட இரண்டு. முதல் தடவை படகை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டு, ஏன் மூட மாட்டேன் என்கிறது என்று பாதி நாள் திட்டிக்கொண்டிருந்தார். அதற்குள்ளே பத்துக் கேசரங்கள். ஒன்பது சேர்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒன்று மட்டும் தனியாக. அதைக் கண்டதும் அவருக்கு ஒரே குஷி. "ஒம்பது பேர் கூட்டாக் குடும்பம் நடத்துறாங்க, ஒருத்தன் தனிக்குடித்தனம் போயிட்டான். எந்த வீட்டுலதான் இது இல்ல?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

பவளம் அக்காதான் ஒருநாள் கேட்டார்: "ஊரு உலகத்துப் பூவெல்லாம் தைக்கிறீங்க. நமக்குச் சோறு போடுற தேயிலைக்குப் பூவே இல்லையா?"

முருகையா திகைத்துவிட்டார். "அதுக்குப் பூ இருக்கா?"

எங்களுக்கே அது அடிக்கடி கண்ணில் படாது. கொழுந்தை விடாமல் கிள்ளிக்கொண்டேயிருந்தால் செடி எங்கே பூக்கும்? ஓடைப் பக்கத்தில் கை எட்டாத சரிவில் சில செடிகள் மரமாக வளர்ந்துவிட்டிருந்தன. பவளம் அக்கா அங்கே இறங்கி, முழங்காலில் சிராய்ப்போடு ஒரு கிளை ஒடித்து வந்தார். வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் கேசரங்கள் நூறுக்கும் மேலே, குஞ்சம் மாதிரி. முருகையா எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டார், மறுபடி தொடங்கினார்.

"பவளம், நீயும் எண்ணேன்."

"நீங்க எண்ணுங்க, நான் உலை வைக்கிறேன்."

அந்தப் பூவை மட்டும் அவர் விற்பதற்குத் தைக்கவில்லை. மஞ்சள் பட்டு நூலை ஒவ்வொரு இழையாக வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டு, பல நாள் உட்கார்ந்து செய்தார். செய்து முடித்ததை மேசையில் நிமிர்த்தி வைத்தபோது பவளம் அக்கா தலையை ஆட்டினார். "தப்பு. இந்தப் பூ நிமிராது. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கும்." முருகையா காம்பைப் பிரித்து வளைத்துத் தைத்தார். அது பவளம் அக்காவின் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது.

1992இல் அவர்கள் பிரிஞ்சாங்குக்குக் குடிபோனார்கள். முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு கடை தள்ளி முருகையாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. பெரிய மகள் சட்டை தைக்க மெஷினில் உட்கார்ந்தாள். அவர் பூ மட்டும் தைத்தார். நான் அதற்குள் கல்யாணமாகித் திரிங்காப்பில் இருந்தேன். என் வீட்டுக்காரர் மலர்த்தோட்டத்தில் வேலை பார்த்தார். பவளம் அக்காவும் முருகையா அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோட்டத்தில் அப்போதுதான் லில்லி போட ஆரம்பித்திருந்தார்கள்.

முருகையா ஒரு லில்லியின் முன்னால் போய் நின்றவர் நகரவேயில்லை. கீழே குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். "சரோஜா, இதுக்குப் பச்சைக் கிண்ணமே இல்ல. புல்லி எங்கம்மா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஆறும் இதழ்தாண்ணே."

"அப்படிச் சொல்லாதீங்க. நல்லாப் பாருங்க, மூணு வெளிய, மூணு உள்ள. வெளியில இருக்கிற மூணும் புல்லிதான். இதழ் மாதிரியே உடுத்திக்கிட்டு நிக்குது!" என்றார் அவர். சொல்லிக்கொண்டே, எங்கள் முதலாளி கோலாலம்பூருக்கு அனுப்ப எண்ணி வைத்திருந்த பூவைத் தடுப்பதற்குள் பறித்துவிட்டார். பிரிக்கிற கத்தரி அவர் பையில் எப்போதும் இருக்கும். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். ஆறு கேசரங்களின் நுனியிலும் ஆடிக்கொண்டிருந்த பைகளிலிருந்து செங்காவிப் பொடி அவர் சட்டை முழுக்க அப்பியது. அதைக் கையால் தட்டிவிடப் பார்த்தார். தட்டத் தட்டப் பரவியது.

பவளம் அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை என்று பிறகு சொன்னார். சட்டையைத் துடைக்கிற துணியாக்க நினைத்தாராம். முருகையாவோ, கறையை லில்லி மகரந்தத்துக்கு நிற மாதிரியாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி, முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாராம். முதுகுப்பக்கம் அக்காவுக்கு.